காபிக் கடை முன்னால் உடைத்த பூசணிக்காய்

1

நான் ஒரு பூசணிக்காயை உடைத்தேன். அதற்காக என் கடையைப் பறிக்கப் பார்த்தார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் திருச்செங்கோட்டிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் போன் செய்கிறவர்கள் ஆளுக்கொரு கதையைக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, உன்னெயப் போலீஸ் புடிச்சுட்டுப் போயிருச்சாமா?" என்று விசாரிக்கிறார்கள். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். போலீஸ் வரவில்லை. வந்தது ஒரு கடிதம். கனடாவில் போலீஸைவிடக் கடிதத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போனவர்கள். நான் பத்தாவது முடித்த கையோடு திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஏறினேன். போர்வெல் போடுகிற வண்டி. பதினாறு வருடம் வடக்கே போய் ஊர் ஊராகப் பூமியில் துளை போட்டேன். மனைவி வசந்தி நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நானும், நாலு வயது மகள் யாழினியும் வந்து இறங்கினோம். யாழினிக்கு இப்போது பத்தொன்பது.

நாமக்கல் சீமைக்காரன் கடல் தாண்டி வந்து சேர்ந்த முதல் வேலை என்ன தெரியுமா? கோழி ஆலையில். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம், பனிக்கட்டி போன்ற அறையில், நகர்ந்து வருகிற பட்டையிலிருந்து கோழியை எடுத்துத் தொடையை அறுத்தேன். விரல் மடங்காமல் போனபோதுதான் விட்டேன். ஐந்து வருடமாகக் காபிக் கொட்டை வறுக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வியாழக்கிழமை வறுப்பு. சனிக்கிழமை சந்தையில் விற்பனை.

சந்தை அக்டோபர் வரைதான் திறந்த வெளியில். பனி விழ ஆரம்பித்தால் ஒரு மண்டபத்துக்குள் போய்விடும். மண்டபம் சின்னது. பாதிக் கடைகளுக்குத்தான் இடம். யாருக்கு இடம் என்று சந்தைக் கமிட்டி முடிவு செய்யும். இடம் இல்லாதவர் ஆறு மாதம் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். என் போன்ற கையகலத் தொழில் ஆறு மாதம் படுத்தால் பிறகு எழுந்திருக்காது. நான் மறுபடியும் கோழித் தொடைக்குத்தான் போக வேண்டும். பூசணிக்காய் விஷயம் கிளம்பியது சரியாக அந்த மண்டப முடிவுக்கு முன்னால்.

2

இங்கேயும் அதற்கு உழவர் சந்தை என்றுதான் பெயர். நாமக்கல் உழவர் சந்தையில் நுழைந்தால் விலைப் பலகை நிற்கும். இன்றைக்குத் தக்காளி என்ன, கத்திரி என்ன என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். இங்கே ஒவ்வொரு கடைக்கும் கதைப் பலகை வேண்டுமாம். நீ யார், உன் பாட்டன் யார், மண்ணோடு உனக்கு என்ன உறவு என்று எழுதித் தொங்கவிட வேண்டும். வாங்குகிறவர்கள் அதைப் படித்து, தலையை ஆட்டி, உருகி, அப்புறம்தான் பையைத் திறப்பார்கள்.

சந்தை மேலாளர் லிண்டா நல்ல மனுசிதான். முதல் வாரம் எனக்குக் கஷ்டம் வேண்டாம் என்று அவரே ஒரு கதைப் பலகை எழுதிக்கொண்டு வந்தார். மூன்று தலைமுறையாக மலைத் தோட்டத்தில் காபி வளர்த்த குடும்பம் என்று ஆரம்பித்தது. நான் ஈரத் துணியை எடுத்து அழித்தேன். அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

பொய் சொல்லி விற்க எனக்கு என்ன தலையெழுத்து? கொல்லிமலையில் காபி விளைகிறது, உண்மை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் வானம் தெளிவாக இருக்கிற நாளில் மலை தெரியும். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். காபி மேலே, நாங்கள் கீழே. கீழே எங்களுக்கு மரவள்ளியும் கடலைக்காயும் வெயிலும். ரிக் வண்டியில் ராத்திரி பகலாக ஓடியது டீ. காபி என்பது கல்யாண வீட்டில், அதுவும் பந்தி முடிந்து மிச்சம் இருந்தால். பலகையில் நானே எழுதினேன்: "முன்பு கிணறு துளைத்தேன். இப்போது காபி வறுக்கிறேன்." ஐந்து வருடமாக அதே பலகைதான். நின்று படித்துவிட்டு, இது என்ன என்று கேட்கிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. ரிக்கில் முந்நூறு அடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கல் மாறினால் சத்தம் மாறும். அதைக் காதில் வாங்காதவன் கையிலே துளைக்கிற பிட் உடையும். காபியும் அப்படித்தான். வறுப்பு உருளைக்குள் கொட்டை முதலில் மக்காச்சோளம் பொரிகிற மாதிரி வெடிக்கும். பிறகு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஈரச் சுள்ளி எரிகிற மாதிரி மெல்லிசாக இன்னொரு வெடிப்பு தொடங்கும். அந்த மௌனம் முடிவதற்குள் இறக்க வேண்டும். மற்ற வறுப்புக்காரர்கள் கம்ப்யூட்டரில் கோடு ஏறுவதைப் பார்க்கிறார்கள். நான் காதைக் கொடுக்கிறேன்.

சந்தையில் கெவின் என்று ஒருவர் காபி வேன் வைத்திருக்கிறார். கமிட்டியிலும் இருக்கிறார். நான் சிக்கரி கலந்து விற்பதைப் பார்த்து, அது கலப்படம் இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சொல்லாமல் கலந்தால் கலப்படம், சொல்லிக் கலந்தால் கலவை என்று சொன்னேன். பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே சிக்கரி என்று பெரிதாக அச்சடித்திருக்கிறேன், பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது என் ஆங்கிலம் எங்கேயும் தடுக்கவில்லை. கோபம் அளவாக இருந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அளவு மீறினால்தான் தமிழ்.

3

போன கோடையில் வியாபாரம் பிரமாதம். என் கடை முன்னால் நின்ற வரிசை பக்கத்துக் கடை மார்த்தாவின் காய்கறிக் கூடைகளையும் தாண்டிப் போனது. மார்த்தா எழுபது வயது விவசாயி. பூசணியும் சுரையும் போடுகிறவர். பேச்சு குறைவு. கெவின் மட்டும் வாராவாரம் வந்து எட்டிப் பார்த்து, "இன்றைக்கும் உன் வரிசைதான் நீளம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

செப்டம்பரில் வறுப்பு உருளையின் பெல்ட் அறுந்தது. அடுத்த வாரம் வேனின் பேட்டரி செத்தது. அதற்கடுத்த வியாழன் காதில் என்ன அடைத்ததோ, ஒரு மூட்டை கரிந்து போயிற்று. வசந்தி இரவு டூட்டி முடித்து வந்தவள் கரிந்த கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, இது கண்ணுதானுங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? இந்த வருசம் ஆயுத பூசைக்கு எலுமிச்சங்காயோட நிறுத்தாதீங்க. ஒரு பூசணிக்காய ஒடச்சுப் போடுங்க."

நாலு வருடமும் எலுமிச்சங்காய்தான். வேன் சக்கரத்துக்குக் கீழே வைத்து ஏற்றுவேன், யாரும் கவனித்ததில்லை. ஐந்தாவது வருடம் முறையாகச் செய்வது என்று முடிவு செய்தேன். பூஜை நாள் வேறு கிழமையில் வந்தது. சனிக்கிழமைக்குத் தள்ளினேன். இந்த ஊரில் சாமியும் வார இறுதியில்தான் வரும்.

சந்தைக்குச் சின்ன உருளை ஒன்றைக் கொண்டு போவேன், அங்கேயே வறுத்தால் வாசனைக்குக் கூட்டம் வரும் என்று. அன்றைக்கு அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். தராசு, அரவை மிஷின், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு. மேஜை மேல் வசந்தியின் இளம்பிள்ளை ஊர்த் தறிச் சேலை ஒன்றை விரித்திருந்தேன். மார்த்தாவின் குவியலில் வெள்ளைத் தோல் பூசணி ஒன்று வாங்கினேன். நம் சாம்பல் பூசணி இங்கே எங்கே போய்த் தேடுவது? ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டிப் பார்த்து, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மார்த்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

காய்க்கு மேலே ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, சூடம் ஏற்றி, கடையை மூன்று சுற்றுச் சுற்றினேன். நடு வழியில் போட்டு உடைத்தேன். நல்ல உடைப்பு. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல உடைப்பு. செக்கச் சிவப்பாக நாலா பக்கமும் தெறித்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு அம்மாவின் வெள்ளை ஷூ, பாதிக்குமேல் சிவந்து போயிற்று. அவர் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பியது.

"கண்ணுக்காக, கண்ணுக்காக" என்று நான் ஆங்கிலத்தில் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். உடனே ஒரு பையன் ஓடிப் போய் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து என் கண்ணைக் கழுவப் பார்த்தான். இன்னொருவர் மஞ்சள் நாடா கட்டினார். லிண்டா ஓடி வந்து, யாருடைய ரத்தம் என்று கேட்டார். ரத்தம் இல்லை, பூசணிக்காய் என்றேன். அப்போது என் நெற்றியிலும் கையிலும் குங்குமம். நம்புகிற நிலையில் யாரும் இல்லை.

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, மறைக்க மாட்டேன். நம் ஊரில் பூஜைக்கு மறுநாள் ரோட்டில் கிடக்கிற பூசணிக்காயில் வண்டி வழுக்கி எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள்! உடைத்தவுடன் ஓரமாகத் தள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குப் பெருமையில் நின்றுகொண்டிருந்தேன்.

4

திங்கட்கிழமை கடிதம் வந்தது. கூடவே சம்பவ அறிக்கையின் நகல். அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். 'ரத்தம் அல்லது உடல் திரவம் (சந்தேகம்)' என்ற கட்டத்தில் ஒரு குறி. 'தீ' என்ற கட்டத்தில் ஒரு குறி. 'உணவுப் பொருளுக்குச் சேதம்' என்பதில் ஒன்று. கடைசி வரியில், இடத்தில் சில நாணயங்கள் கிடந்தன, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. நம் ஊராக இருந்தால் காரணம் தெரிந்த பிள்ளைகள் அறிக்கை எழுதுவதற்கு முன்பே பொறுக்கியிருக்கும்.

கடிதத்தின் சாரம் இது. கமிட்டி கூடும் வரை நான் கடை போடக் கூடாது. இது சந்தைக்குப் பொருந்தாத செயல் என்று அறியாமல் செய்துவிட்டேன் என்றும், இனிமேல் செய்ய மாட்டேன் என்றும் எழுத்தில் கொடுத்தால் மண்டபத்து இடத்துக்கு என் பெயரைப் பரிசீலிப்பார்கள்.

யாழினி ஒரு மணி நேரத்தில் பதில் கடிதம் தயார் செய்துவிட்டாள். அவள் ஆங்கிலம் கண்ணாடி மாதிரி. வாசித்துக் காட்டச் சொன்னேன். 'என் தந்தை கிராமத்துப் பின்னணியில் இருந்து வந்தவர். இங்குள்ள விதிகள் அவருக்குப் புரியவில்லை. இது ஒரு பழைய மூடநம்பிக்கை' என்று போயிற்று.

"நான் என்ன, நேத்தா வந்தேன்? பதினஞ்சு வருசம் ஆச்சு சாமி. புரியாமத்தான் ஒடச்சனா?"

"அப்பா, அப்படி எழுதுனாத்தான் விடுவாங்க."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றயே!"

அவளுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம். எனக்குக் கோபம் வந்தால் தமிழ். ஒரே அறையில் இரண்டு பேரும் கத்தினோம், ஆளுக்கொரு பாஷையில். பள்ளிக்கூடத்தில் மதிய டப்பாவைத் திறக்கும்போது மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு சாப்பிட்டதை அன்றைக்குத்தான் சொன்னாள். சந்தையில் நடந்ததை யாரோ செல்போனில் எடுத்து, அது அவள் கல்லூரியில் சுற்றி வந்ததையும் சொன்னாள். நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான், அது தன் அப்பா என்று யாரிடமும் சொல்லவில்லை என்றாள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவள் சந்தைப் பக்கமே வராததற்குக் காரணம் படிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்தி நடுவில் வந்து நின்றாள். "ஏனுங்க, ஒரு கையெழுத்துத்தானுங்க? போட்டுட்டு வந்தா என்ன கொறஞ்சு போவுது? மறுபடியும் அந்தக் கோழிக் கம்பெனிக்குப் போயி வெரலு மடங்காம வந்து நின்னீங்கன்னா, சோத்தப் பெசஞ்சு ஊட்டறது நானுங்க."

அவள் சொன்னது நியாயம். நான் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

5

கொஞ்ச நேரம் கழித்து யாழினி வந்தாள். சண்டைக்கு இல்லை. ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"நெசமாலுமே நம்பறீங்களாப்பா? பூசணிக்காய ஒடச்சா கண்ணு போயிருமுன்னு?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. ரிக்கில் எனக்கு மேல் டிரில்லராக இருந்தவர் செங்கோடன் அண்ணன். ஆயுத பூஜையன்று பூசணிக்காயைத் தூக்கிப் போட்டு உடைப்பது எப்போதும் அவர்தான். உடைத்துப் பத்து நாள் ஆகவில்லை, துளைக்கிற ராடு மாற்றும்போது இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவரிடம், "என்னங்கண்ணா, பூசணிக்கா ஒடச்சும் இப்பிடி ஆயிருச்சே?" என்று கேட்டேன். "ஒடைக்காட்டி கையே போயிருக்கும்டா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்கும் தெரியும்.

"அப்பறம் எதுக்கு?" என்றாள் யாழினி.

சொன்னேன். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் ரிக் ஓடும். காய்ச்சல் என்றாலும் ஓடும், மழை என்றாலும் ஓடும். ஓனர் போனில்தான் பேசுவார், எத்தனை அடி ஆச்சு என்று மட்டும் கேட்பார். ஆயுத பூஜையன்று வண்டியெல்லாம் திருச்செங்கோட்டு ஷெட்டுக்குத் திரும்பும். கழுவி, வாழைக்கன்று கட்டி, வரிசையாக நிற்கும். அன்றைக்கு யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஓனர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கிரீஸ் படிந்த கம்ப்ரெஸ்ஸருக்குத் தன் கையால் சந்தனம் வைப்பார். அப்புறம் எங்களோடு தரையில் இலை போட்டு உட்காருவார். என் அம்மா கூலிக்குப் போன தோட்டத்தில் அவளுக்குத் தனித் தட்டு. நான் ரிக் ஏறிய வருடம் ஓனருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். எனக்குப் பதினாறு வயது. அவர் இலையில் வைத்த அதே பொங்கலை என் இலையிலும் வைத்தார்கள்.

"அந்த ஒரு நாளு, மிஷினுக்கு மருவாதி. அதத் தொடற கைக்கும் மருவாதி" என்றேன். "கோழிக் கம்பெனியில பத்து வருசம் கத்தி புடிச்சேன். அந்தக் கத்திக்கு ஒரு பொட்டு வெக்க விட்டாங்களா? இப்பத்தான் என்ற மிஷினுன்னு ஒண்ணு இருக்குது. அதுக்குச் செய்யறத தெரியாமச் செஞ்சேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னா, எப்படிச் சாமி?"

அவள் கையில் கிடைத்த பச்சைக் கொட்டைகளை இங்கிருந்து அங்கே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, கமிட்டிக்கு நான் கூட வருகிறேன், உங்கள் ஆங்கிலத்தை நம்பி அனுப்ப முடியாது என்றாள்.

6

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீள மேஜை. லிண்டா, கெவின், மார்த்தா, இன்னும் மூன்று பேர். எனக்கு ஒரு கோப்பை காபி கொடுத்தார்கள். பெரிய டிரம்மில் காலையிலிருந்து கொதித்த காபி. அதை முகம் சுளிக்காமல் குடித்தேன். அன்றைக்கு நான் செய்த விட்டுக்கொடுத்தல் அது ஒன்றுதான்.

ஏன் உடைத்தீர்கள் என்று லிண்டா கேட்டார். நான் தமிழில் சொன்னேன், யாழினி ஆங்கிலத்தில் சொன்னாள். நல்லது நடக்க வேண்டும் என்று செய்கிற ஒரு சடங்கு என்று சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள், முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"நல்லதுக்குன்னு சொல்லாத சாமி. பொறாமைக் கண்ணுக்குன்னு சொல்லு."

"அப்பா, வேண்டாமுங்கப்பா." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அதனால் நானே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிர்ஷ்டத்துக்கு இல்லை, பொறாமைக் கண்ணுக்காக என்றேன். கெவினின் காது சிவந்தது. யாருடைய கண், இங்கே இருக்கிற யாருடையதாவதா என்று லிண்டா மெதுவாகக் கேட்டார். ஒரு பொய் சொன்னால் தப்பித்திருக்கலாம்.

"எல்லோருடைய கண்ணும்" என்றேன். "என்னுடையதும்தான். முதல் வருடம் மார்த்தாவின் கடை முன்னால் கூட்டம் நிற்கும்போது நான் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. அவர் ஒரு பூசணிக்காய் உடைத்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்."

அப்புறம் மார்த்தா வாயைத் திறந்தார். ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். "என் குவியலில் இருந்ததிலேயே மோசமான காயை எடுத்தாயா, நல்லதை எடுத்தாயா?"

"இருந்ததுலயே நல்லதுங்கம்மா. சொத்தையில்லாதது. சொத்தைக் காய ஒடைக்கறதுன்னா அதுக்கு ஒடைக்காமயே இருந்தரலாம்" என்று தமிழில் வந்துவிட்டது. யாழினி ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அரை மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தானே, நான்தான் பார்த்தேனே என்றார் மார்த்தா, மற்றவர்களைப் பார்த்து. மாதக் கடைசியில் பேய்ப் பண்டிகைக்கு என் பூசணியை வாங்கிப் போய் மூஞ்சி வெட்டி வாசலில் வைத்து அழுக விடுகிறவர்கள் யாரும் எது நல்ல காய் என்று தட்டிப் பார்ப்பதில்லை என்றும் சொன்னார்.

லிண்டா ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எல்லாம் சரி, இதை இத்தோடு விடலாம், ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்றார். தாளில் அதே இரண்டு வரி. அறியாமல் செய்தேன். இனிச் செய்ய மாட்டேன். பக்கத்திலேயே மண்டபத்துக் கடைப் பட்டியல். ஒரு இடம் காலியாக இருந்தது. பேனாவைக் கையில் வாங்கினேன். வசந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. விரல் மடங்கத்தான் செய்தது, ஆனால் எழுத ஓடவில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு யாழினியைப் பார்த்தேன். "சொல்லு சாமி. வழியில அழுக்குப் பண்ணுனதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். அந்தம்மாவுக்குப் புது ஷூ வாங்கித் தர்றேன். ஒடச்சதுக்குக் கேக்க மாட்டேன். அடுத்த வருசமும் ஒடைப்பேன். கடை வேண்டாமுன்னா வெச்சுக்கட்டும்."

முதல் இரண்டையும் யாழினி சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் அவள் எதைச் சொன்னாலும் எனக்குத் தடுக்கத் தெம்பில்லை. மாற்றிச் சொன்னால் சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கோழி ஆலையின் குளிர் ஒரு நிமிடம் முதுகில் ஏறியது.

தாள் உரசுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அவள் பேனாவை எடுத்து 'அறியாமல்' என்று இருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அடுத்த வரியிலும் ஒரு கோடு. ஓரத்தில் எழுதினாள். எழுதியதை எழுந்து நின்று வாசித்தாள். 'அவர் தெரிந்துதான் செய்தார். அடுத்த வருடமும் உடைப்போம், சந்தை திறப்பதற்கு முன்னால். தரையை நான் கழுவித் தருவேன்.' கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னிடம் தள்ளினாள். அதன் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். விரல் நன்றாக மடங்கியது.

எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு ஓட்டெடுத்தார்கள். நாலு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. லிண்டா எதிர்ப்பு என்று அவரே வந்து சொன்னார், நேர்மையான மனுசி. மார்த்தா எனக்காகக் கை தூக்கியது எதிர்பார்த்ததுதான். கெவின் தூக்கியது எதிர்பாராதது. மண்டபத்தில் கடைசி இடம், கழிப்பறைக்குப் பக்கத்தில். அங்கேயும் காபி வாசனைதான் ஜெயிக்கும், வந்து பாருங்கள்.

வேனில் ஏறியதும் வசந்திக்குப் போன் போட்டேன். அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள், "சாப்பிட வாங்க." யாழினி பெல்ட் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அப்பா, அடுத்த வருசம் நான் ஒடைக்கறேன்."

"கழுவறேன்னுதான சாமி எழுதுன?"

"கழுவவும் கழுவறேன். ஒடைக்கவும் ஒடைக்கறேன்."

"பொம்பளப் புள்ளைங்க பூசணிக்கா ஒடைக்கறதில்ல சாமி. நம்மூர்ல அது வழக்கமே இல்ல."

"உங்க அம்மாவுக்குத் தனித் தட்டு வெச்சதும் உங்கூரு வழக்கந்தானுங்கப்பா."

கமிட்டி முன்னால் நின்று அடுத்த வருடமும் உடைப்பேன் என்று மார் தட்டிய நான் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினேன். மறு சனிக்கிழமை மண்டபத்தில் கடை விரித்தபோது, பக்கத்தில் உருளைக்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்த மார்த்தாவிடம் அப்போதே சொல்லி வைத்துவிட்டேன். வரும் வருடம் வெள்ளைப் பூசணி எனக்கு இரண்டு வேண்டும். இரண்டும் நல்ல காயாக.